ரிங்கில் ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு: ரெஸ்லிங் தொழிலில் சேரவும் நிலைக்கவும் ஒரு வழிகாட்டி

எங்கள் ஜிம்முக்கு வருகிற பையன்களில் வருடத்துக்கு ஒருவனாவது என்னிடம் வந்து, "அண்ணா, டபிள்யூ.டபிள்யூ.இ-ல சேர என்ன பண்ணணும்?" என்று கேட்பான். டிவியில் நாம் பார்க்கிற அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனி அது. போன மாதம் ஒரு பெண்ணும் கேட்டாள். ரெஸ்லர் படம் போட்ட ட்ரம்ப் கார்டுச் சீட்டுகளை வைத்துக்கொண்டு அண்டர்டேக்கரின் உயரத்தையும் பிக் ஷோவின் எடையையும் மனப்பாடம் செய்த தலைமுறை என்னுடையது. அன்று பிடித்த ரெஸ்லிங்கை இன்றுவரை விடாமல் பார்த்து வருகிறேன். அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தேடித் தேடிப் படித்தும் வருகிறேன். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். இந்தத் தொழில் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மெக்சிகோவிலும் நடக்கிறது. அதனால் உதாரணங்களும் அங்கிருந்துதான் வரும்.

முதலில், வேலை என்னவென்று புரிந்துகொள்ளுங்கள்

யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிடும். அதை முடிவு செய்கிறவருக்கு புக்கர் என்று பெயர். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று எழுத்தாளர் குழுவே இருக்கிறது. "அப்போ எல்லாம் பொய்தானே?" என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். கூத்தில் பதினெட்டாம் நாள் போரில் துரியோதனன் விழப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக விடிய விடிய ஆடினவரின் கால்வலி பொய் ஆகிவிடுமா? ரெஸ்லிங்கும் அப்படித்தான். முடிவு எழுதி வைத்தது, கீழே விழுவது நிஜம்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிளைக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். நீங்கள் ஜெயித்து ஜெயித்து மேலே போக முடியாது. ஜெயிப்பது உங்கள் கையில் இல்லாதபோது மேலே போவது எதனால்? கூட்டத்தை எழுப்பிக் கத்த வைக்கிற திறமை ஒன்று. இன்னொன்று, "இவனிடம் உடம்பைக் கொடுத்தால் பத்திரமாகத் திரும்பி வரும்" என்று சக கலைஞர்களிடம் வாங்குகிற பெயர். தூக்கிப் போடும் அந்த ஒரு நொடியில் எதிராளியின் கழுத்து முழுக்க உங்கள் பொறுப்பில் இருக்கிறது. எதிராளி என்று பெயர்தான், உண்மையில் அவர் உங்கள் கூட்டாளி.

சில சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். நல்லவன் ஃபேஸ், வில்லன் ஹீல். கீழே விழுவது பம்ப். வாங்கிய அடியை வலித்ததாகக் காட்டுவது செல்லிங். தோற்றுக் கொடுப்பது ஜாப். பார்வையாளர் முன்னால் கதையைக் கலைக்காமல் காப்பது கேஃபேப். சின்னக் கம்பெனிகளுக்கெல்லாம் சேர்த்து இண்டி என்று பெயர்.

பயிற்சிக்கூடம் தேடுவது

ஜிம் உடம்பு மட்டும் இருந்தால் போதாது. கபடி, குஸ்தி, ஜூடோ, ஜிம்னாஸ்டிக்ஸ் இதில் ஏதாவது ஒன்றில் ஓரிரு வருடம் பழகியவருக்கு விழவும் உருளவும் பயம் இருக்காது, அதுவே பாதி வேலை. கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிவிட்டு வந்தவர். ஆனால் அது கட்டாயம் இல்லை. டயமண்ட் டல்லாஸ் பேஜ் 35 வயதில்தான் ரெஸ்லராகப் பயிற்சியில் இறங்கினார். 43 வயதில், அன்று டபிள்யூ.டபிள்யூ.இ-க்குப் போட்டியாக இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ கம்பெனியின் உலக சாம்பியன் ஆனார். அவரை விதிவிலக்காக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் 25 வயதாகிவிட்டதே என்று மனம் உடைய வேண்டாம்.

இந்தியாவில் இதற்கென்று இருக்கும் கூடங்களில் பேர் பெற்றது, தி கிரேட் காளி 2015-ல் பஞ்சாபின் ஜலந்தரில் தொடங்கியது. டபிள்யூ.டபிள்யூ.இ-யில் மோதிய முதல் இந்தியப் பெண்ணான கவிதா தேவி அங்கே பழகியவர்தான். காளியே பஞ்சாப் காவல்துறை வேலையில் இருந்து கிளம்பிக் கலிஃபோர்னியா போய்ப் பழகியவர். அவருக்கு ரொம்ப முன்னால் தாரா சிங் சிங்கப்பூர் போய்த்தான் இந்தத் தொழிலைப் பிடித்தார். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ஊர்விட்டுப் போவது எப்போதும் இதன் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது.

எந்தக் கூடமானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சொல்லித் தருகிறவர் எங்கெல்லாம் மோதியிருக்கிறார்? அவரிடம் பழகியவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? ரிங்கின் பலகை ஆடுகிறதா? முதல் நாளே புதியவனைத் தூக்கிப் போடுகிறார்களா? தலையில் அடிபட்டவனை உட்கார வைக்கிறார்களா, "தாங்கிக்கோடா" என்று திரும்ப ஏற்றுகிறார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். 2001-ல் கலிஃபோர்னியாவில், ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்த மாணவர் ஒருவர் மறுபடி பயிற்சி செய்தபோது விழுந்து இறந்தே போனார். பின்னால் வழக்கில் அந்தக் கூடம் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. இழப்பீடு யாரைத் திருப்பிக் கொண்டுவரும்? தலை சுற்றுகிறது, வெளிச்சம் கூசுகிறது, வாந்தி வருகிறது என்றால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை ரிங் பக்கமே போகக் கூடாது. குரு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கஷ்டப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. மிக் ஃபோலி கல்லூரியில் படிக்கும்போது நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்டிலிருந்து பென்சில்வேனியாவில் இருக்கும் ஃப்ரீடம் என்ற ஊருக்கு வார இறுதிகளில் காரோட்டிப் போய்ப் பழகினார், ராத்திரி காரிலேயே தூங்கினார். ஜப்பானில் நியூ ஜப்பான் கம்பெனியின் டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், சேருகிற இளைஞர்கள் கருப்பு ட்ரங்க்ஸ், கருப்பு பூட்ஸ் தவிர எதுவும் போட முடியாது. சமைப்பது, கூட்டுவது, மூத்தவர்களின் துணியைத் துவைப்பது எல்லாம் அவர்கள் வேலை. தண்டால், பைட்டக் என்று நாம் சொல்வதுதான் அங்கே நூற்றுக்கணக்கில் நடக்கும். நம் அக்காடா, அதாவது குஸ்திக் கூடத்தின் வாசனை அதில் அடிக்கும்.

விழப் பழகுவது

ஒருமுறை ஒரு பயிற்சிக்கூடத்தில் ரிங்கில் ஏறி நிற்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. டிவியில் மெத்தை மாதிரித் தெரியும் தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்று மரச் சத்தம். இரும்புச் சட்டம், மேலே பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், மேலே இழுத்துக் கட்டிய கேன்வாஸ் துணி. அவ்வளவுதான். கயிற்றில் ஓடிப் போய் முதுகைச் சாய்த்துத் திரும்பச் சொன்னார்கள். ஆறே தடவை. அடுத்த நாள் காலையில் அக்குளுக்குக் கீழே கை அகலத்துக்கு ஊதா நிறம். மூன்று நாள் சட்டையைத் தலைவழியாகப் போட முடியவில்லை.

மல்லாக்க விழுவதுதான் அரிச்சுவடி. முதலில் குத்தவைத்து உட்கார்ந்த நிலையிலிருந்து பழக்குவார்கள், அப்புறம் நின்றபடி. மோவாயை நெஞ்சோடு ஒட்டி வைக்க வேண்டும், பின்மண்டை தரையைத் தொடவே கூடாது. முதுகின் மேல்பாகம் முழுக்க ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். இடுப்பு முந்தினால் தண்டுவடத்தில் இறங்கும், முழங்கை முந்தினால் தோள் போகும். இரண்டு கையையும் விரித்து உள்ளங்கையால் தரையை அறைய வேண்டும். அந்தச் சத்தம்தான் கடைசி வரிசைவரை கேட்கும். விழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கி வைத்திருந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இத்தனையும் ஒரு நொடிக்குள். இதை ஆயிரக்கணக்கில் செய்தபின், யோசிக்காமலே உடம்பு செய்யத் தொடங்கும். அதுவரை மேல்கயிற்றிலிருந்து குதிக்கிற வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். வீட்டுக் கட்டிலில், மொட்டைமாடியில் செய்து பார்க்கவே வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். அமெரிக்காவில் எதிராளியின் இடது கை, இடது கால் பக்கம் பிடித்து வேலை செய்வது மரபு. லூச்சா லிப்ரே என்கிற மெக்சிகோ பாணி ரெஸ்லிங்கில் வலது பக்கம். இது தெரியாமல் புது ஊர் ரிங்கில் ஏறினால் முதல் பிடியிலேயே இருவரும் முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

முதல் மேடைகளும் முதல் காசும்

ஆரம்பத்தில் கூலி பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. ஒரு சாப்பாடும் ஒரு கைகுலுக்கலும்தான் சம்பளம் என்று அங்கே சொல்வார்கள். சீக்கிரம் போய் ரிங் மாட்ட உதவுங்கள், முடிந்தபின் கழற்றவும் நில்லுங்கள். உடைமாற்றும் அறையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுங்கள். அதுவும் மெதுவாக. இறுக்கிப் பிடித்துப் பலம் காட்டினால், ரிங்கிலும் இவன் முரட்டுக் கைதான் என்று நினைப்பார்கள். மூத்தவர்கள் காரில் இடம் இருந்தால் ஏறிக்கொள்ளுங்கள், செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அந்த நாலு மணி நேரப் பயணத்தில் கிடைக்கிற பாடம் எந்தக் கூடத்திலும் கிடைக்காது.

காசு பெரும்பாலும் இடைவேளையில் மேஜை போட்டு விற்கும் டி-ஷர்ட்டிலும் போட்டோவிலும்தான் வரும். யங் பக்ஸ் சகோதரர்கள் டி-ஷர்ட் விற்றே பெரிய கம்பெனி தயவில்லாமல் நின்றார்கள். அவர்களும் கோடி ரோட்ஸும் சேர்ந்து 2018 செப்டம்பர் 1-ல் சிகாகோ பக்கத்தில் நடத்திய நிகழ்ச்சிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம். மறு வருடமே ஏ.இ.டபிள்யூ என்ற கம்பெனி உருவானது.

கோடி என்றதும் பெயர் விவகாரம் ஞாபகம் வருகிறது. அவருடைய அப்பா டஸ்டி ரோட்ஸ், பெரிய நட்சத்திரம். ஆனாலும் 2016-ல் டபிள்யூ.டபிள்யூ.இ-யை விட்டு வெளியே வந்தபோது 'ரோட்ஸ்' என்ற பெயரை அவரால் பயன்படுத்த முடியவில்லை. சில வருடம் வெறும் 'கோடி'யாகவே மோதினார். ட்ரேட்மார்க் கம்பெனியிடம் இருந்தது. டீன் ஆம்ப்ரோஸ் 2019-ல் வெளியேறியபோது, தான் முன்பே வைத்திருந்த ஜான் மாக்ஸ்லி என்ற பெயருக்குத் திரும்பினார். ஆகவே உங்களுக்கென்று ஒரு பெயரும் வேடமும் பெரிய கம்பெனிக்குள் நுழைவதற்கு முன்பே இருக்கட்டும், உங்கள் பெயரில் பதிவாகவும் இருக்கட்டும். அவர்கள் புதுப் பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். திரும்பி வர ஒரு வீடு இருப்பது மாதிரி அது.

ஒப்பந்தம் வந்தால்

கையெழுத்துப் போடுகிற சந்தோஷத்தில் யாரும் படிப்பதில்லை. தயவுசெய்து வக்கீல் வைத்துப் படியுங்கள். டிவியில் வாரம் தவறாமல் வருகிற ரெஸ்லர்கூட டபிள்யூ.டபிள்யூ.இ-யின் ஊழியர் இல்லை, சுயேச்சை ஒப்பந்தக்காரர். வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை எழுதியிருக்கும். அதைப் பார்த்து மயங்காதீர்கள். வரி, சொந்த மருத்துவக் காப்பீடு எல்லாம் அதிலிருந்து போகும். வாடகைக் கார், ஹோட்டல் யார் செலவு என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். ரிங்கில் படும் காயத்துக்கான சிகிச்சையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், மற்ற நோய்க்கெல்லாம் நீங்கள்தான். கழித்தபின் மிஞ்சுவது என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வெளிநாட்டில் காசு வாங்கி மோத அதற்குரிய வேலை விசா வேண்டும். சுற்றுலா விசாவில் கூட்டிப் போகிறேன் என்கிறவரை நம்பவே நம்பாதீர்கள்.

சென்னையில் சினிமா சண்டைக் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய ரெஸ்லிங் கம்பெனியில் இன்றுவரை அது இல்லை. 1986-ல், அந்தக் கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா இரண்டாவது முறை நடந்த சமயத்தில், ஜெஸ்ஸி வென்ச்சுரா என்ற ரெஸ்லர் சங்கம் அமைக்கலாம் என்று உடைமாற்றும் அறையில் பேசினார். முதலாளி வின்ஸ் மக்மஹன் காதுக்கு அது போய்விட்டது. போட்டுக் கொடுத்தது அன்றைய பெரிய நட்சத்திரம் ஹல்க் ஹோகன் என்பது பல வருடம் கழித்து ஒரு வழக்கின் சாட்சியத்தில்தான் வென்ச்சுராவுக்கே தெரிந்தது. இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அத்தனை உடம்புகள் உடைந்த தொழிலில் ஒரு சங்கம் இருந்திருந்தால் எத்தனை பேர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார்கள்.

வேலை போகும், அதற்கும் தயாராகுங்கள்

2012 வாக்கில் டபிள்யூ.டபிள்யூ.இ-யில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் மாதிரி வேடம் கட்டினார்கள். இல்லாத கிட்டாரை வாசித்தபடி ரிங்குக்கு வருவார்கள், தோற்றுப் போவார்கள். வாராவாரம் இதே வேலை. ஹீத் ஸ்லேட்டர், ட்ரூ மெக்கிண்டயர், ஜிந்தர் மஹால்.

மெக்கிண்டயரை 2009-ல் முதலாளியே நேரில் வந்து 'தேர்ந்தெடுக்கப்பட்டவன்' என்று அறிமுகப்படுத்தியிருந்தார், வருங்கால சாம்பியன் என்று சொன்னார். அப்படிப்பட்டவர்தான் மூன்றே வருடத்தில் காற்றில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். 2014 ஜூன் 12-ம் தேதி, ஒரே நாளில், அவரையும் ஜிந்தரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். ஸ்லேட்டர் மட்டும் தப்பினார்.

மெக்கிண்டயர் அடுத்த மாதமே தன் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவின் ஒரு சின்னக் கம்பெனி ரிங்கில் ஏறினார். அப்புறம் அமெரிக்க இண்டி, அப்புறம் டி.என்.ஏ என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியில் உலக சாம்பியன். உடம்பை ஏற்றினார், மைக் பேசும் விதத்தை மாற்றினார். 2017-ல் டபிள்யூ.டபிள்யூ.இ அவரைத் திரும்ப எடுத்தது. 2020 ஏப்ரல் 5-ல் ரெஸில்மேனியாவில் பிராக் லெஸ்னரை வீழ்த்தி சாம்பியன் ஆனார். கொரோனா காலம், அரங்கில் ஒரு பார்வையாளர்கூட இல்லை. பதிமூன்று வருடம் காத்திருந்த வெற்றிக்குக் கைதட்ட ஆள் இல்லாமல், கேமராவுக்குள் கையை நீட்டி, வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு நன்றி சொன்னார்.

ஜிந்தர் 2016-ல் திரும்பி வந்தார். ஆளே மாறியிருந்தார். 2017 மே 21-ல் சிகாகோ பக்கத்தில் ரேண்டி ஆர்ட்டனை வென்று டபிள்யூ.டபிள்யூ.இ சாம்பியன். கனடாவில் பிறந்து வளர்ந்த பஞ்சாபிப் பிள்ளை. நவம்பர் 7-ல் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் இழந்தார். அதன்பின் அந்த உயரத்துக்கு ஏற விடவில்லை. 2024 ஏப்ரலில் மறுபடியும் வெளியே அனுப்பினார்கள்.

மூன்றாமவர் ஸ்லேட்டர்? நண்பர் சாம்பியன் ஆன பத்தாவது நாள், 2020 ஏப்ரல் 15-ல், கொரோனா செலவுக் குறைப்பில் வேலை போனவர்களில் அவரும் ஒருவர். ஒரே பேண்ட், மூன்று விதமான விதி.

அதிர்ஷ்டம் அடுத்தவரின் காயத்திலும் வரும். 2019 பிப்ரவரியில் அலி என்பவர் காயம்பட்டதால் அவர் இடத்தில் நிறுத்தப்பட்டவர்தான் கோஃபி கிங்ஸ்டன். பதினொரு வருடமாக நடுமட்டத்திலேயே இருந்தவர். கூட்டம் பிடித்துக்கொண்டது, ஏப்ரலில் சாம்பியன். அக்டோபரில் லெஸ்னரிடம் பத்து நொடிக்குள் இழந்துவிட்டார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. கோஃபி என்ன செய்தார் தெரியுமா? மறுவாரம் தன் பழைய குழுவோடு சேர்ந்து வழக்கம்போல வேலைக்குப் போனார்.

ஆகவே செய்ய வேண்டியவை. வருமானம் நன்றாக இருக்கும் வருடத்தில், வேலை இல்லாத ஒரு வருடத்துக்கான செலவை எடுத்துத் தனியாக வையுங்கள். டிவியில் வரும் குழுவிலிருந்து விலக்கினால் வழக்கமாக 90 நாள் வேறு கம்பெனியில் மோதக் கூடாது, ஆனால் சம்பளம் வரும். அந்த மூன்று மாதத்தை அழுது தீர்க்காதீர்கள். காயத்தை ஆற்றுங்கள், புது பூட்ஸ், புது உடை, புது வீடியோ தயார் செய்யுங்கள், 91-ம் நாளுக்கான தேதிகளை முன்பே பேசி வையுங்கள். விலக்கிய கம்பெனியைப் பற்றி ஆத்திரத்தில் எதுவும் பேசி வைக்காதீர்கள். மெக்கிண்டயர், ஜிந்தர் இரண்டு பேரையும் திரும்ப எடுத்தது அதே கம்பெனிதான். ஊரை மாற்றிப் பாருங்கள். நியூ ஜப்பான் கம்பெனி தன் இளம் ரெஸ்லர் கசுச்சிகா ஒகாடாவை 2010-ல் அமெரிக்காவுக்கு அனுப்பியபோது அங்கே அவரை முகமூடி போட்ட எடுபிடியாக்கி வைத்திருந்தார்கள். ஜப்பான் திரும்பிய கையோடு 2012 பிப்ரவரியில் ஹிரோஷி தனஹாஷியை வென்று சாம்பியன் ஆனார். அமெரிக்காவில் ஓரத்தில் உட்கார வைத்த அதே மனிதர்தான்.

உடம்புக் கணக்கு

வலி மாத்திரையிலும் ஸ்டீராய்டிலும் எத்தனையோ பேரை இந்தத் தொழில் இழந்திருக்கிறது. 2005 நவம்பரில் எடி கெரேரோ 38 வயதில் ஹோட்டல் அறையில் இறந்தபின்தான் டபிள்யூ.டபிள்யூ.இ ஒழுங்கான மருந்துப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. உடைமாற்றும் அறையில் யாராவது ஒரு மாத்திரையை நீட்டி "இதைப் போட்டா சரியாயிடும்" என்றால் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம்.

கழுத்துக் காயத்தால் 2011-ல் ஓய்வு பெற்ற எட்ஜ் ஒன்பது வருடம் கழித்துத் திரும்பினார். டேனியல் பிரையனைத் தலைக் காயங்களால் 2016-ல் நிறுத்தினார்கள். பல டாக்டர்களிடம் பரிசோதித்து, 2018-ல் அனுமதி வாங்கி வந்தார். அவர்களுக்கு உதவியது நல்ல மருத்துவமும் பொறுமையும். அதற்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒன்று வேண்டும்: முதல் பயிற்சி நாளிலிருந்தே ஒரு கோப்பு. தொடங்கும் முன் கழுத்துக்கும் முதுகுக்கும் தலைக்கும் ஒரு ஸ்கேன் எடுத்து அதில் வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு எக்ஸ்ரே, ஒவ்வொரு டாக்டர் சீட்டு, எந்தத் தேதியில் எந்த ஊரில் எப்படி விழுந்தீர்கள் என்ற குறிப்பு. கம்பெனி டாக்டர் பார்த்தாலும் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கோப்பு பூட்ஸ் வைக்கும் பையில் இருக்க வேண்டாம், ஊரில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.